வானத்துக் கண்ணுக்கு ஊரும் சேரியும் ஒன்றுதான்

இன்னும் சில வாரங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானால் போதும், நாகை மாவட்டத்தில் டீக்கடை முதல் ஆட்சியர் அலுவலகம் வரை எல்லோர் கைப்பேசியிலும் வெண்சுருளாய் ஒரு மேகப்படம் வந்து நிற்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இந்தப் படம் யாரைக் காப்பாற்றுகிறது?

படத்தை அனுப்புபவை, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியின் சுழற்சியோடு இணைந்து சுற்றும் நம் வானிலைச் செயற்கைக்கோள்கள். 2016இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இன்சாட்-3டிஆர் ஏவப்பட்டது. 2024 பிப்ரவரி 17 அன்று இன்சாட்-3டிஎஸ் ஏவப்பட்டது. இவற்றின் அகச்சிவப்புக் கருவிகளுக்கு இரவும் பகலும் ஒன்று. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு அது எவ்வளவு உயரம் திரண்டிருக்கிறது என்று கணிக்கிறார்கள். மேகச் சுருளின் வடிவத்திலிருந்து நடுக்கடலில் உள்ள புயலின் வலுவையும் மதிப்பிடுகிறார்கள். இன்சாட்-3டிஎஸ் முழுக்க முழுக்க ஒன்றிய புவி அறிவியல் அமைச்சகத்தின் பணத்தில் உருவானது. அதாவது, நாற்று நடும் பெண் வாங்கும் தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் கட்டும் வரியும் அதில் இருக்கிறது.

செயற்கைக்கோள் இருந்தால் மட்டும் உயிர் பிழைக்காது என்பதற்கு ஒடிசாவே சாட்சி. 1999 அக்டோபரில் அங்கே சூப்பர் புயல் தாக்கியபோதும் வானத்தில் இன்சாட் இருந்தது, புயலைப் பார்த்துக்கொண்டும் இருந்தது. ஆனாலும் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளில் நின்றது. இடைப்பட்ட காலத்தில் கணிப்பு மேம்பட்டது உண்மை. அதைவிட, தரையில் புயல் பாதுகாப்பு மையங்கள் எழுந்தன, வீடு வீடாகப் போய் அழைத்துவரும் ஏற்பாடு உருவானது.

நம் கதைக்கு வருவோம். 2018 நவம்பர் 11 அன்று கஜா எனப் பெயரிடப்பட்ட புயல், 16ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. ஐந்து நாள் அவகாசம் இருந்தது. 80 ஆயிரம் பேர் அளவில் முகாம்களுக்கு மாற்றப்பட்டனர். அது சிறிய வேலை அல்ல.

அந்த வாரம் நண்பர்களோடு அரிசியும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு வேதாரண்யம் பக்கத்துச் சேரிகள் சிலவற்றுக்குப் போனேன். புயல் வருவது அங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை. எங்கே போவது என்பதுதான் தெரியவில்லை. ஓரிடத்தில் முகாமாக்கப்பட்ட கட்டடம் ஊர்த்தெருவுக்குள் இருந்தது. மற்ற நாட்களில் நடக்கவே யோசிக்கும் தெருவில், நள்ளிரவில் கைக்குழந்தையோடு போய் நின்றால் உள்ளே விடுவார்களா என்ற தயக்கத்திலேயே பல குடும்பங்கள் குடிசையில் தங்கிவிட்டன. கூரை பறந்த பிறகு பேத்தியைச் சேலைக்குள் அணைத்துக்கொண்டு, வாய்க்கால் மதகின் மறைவில் விடியும்வரை உட்கார்ந்திருந்ததாக ஒரு அம்மா சொன்னார்.

36,000 கிலோமீட்டர் கடந்து வந்த எச்சரிக்கை, கடைசி அரைக் கிலோமீட்டரில் சாதியிடம் தோற்றது.

இழப்பைக் கணக்கெடுத்தபோதும் இதே கோடுதான். விழுந்த தென்னைக்கு மரம் ஒன்றுக்கு 1,100 ரூபாய் என அரசு அறிவித்தது. அது தோப்பு உடைமையாளருக்கு. அந்த மரத்தில் ஏறியவருக்கு, மட்டை உரித்தவருக்கு, கீற்று முடைந்தவருக்கு? புதுக்கன்று காய்க்கச் சில ஆண்டுகள் ஆகும். அத்தனை ஆண்டுக் கூலி இழப்புக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. இன்று பயிர் விளைச்சலை மதிப்பிடவும் செயற்கைக்கோள் படங்களைப் பயன்படுத்துகிறார்கள். நல்லது. ஆனால் பயிரின் வாட்டத்தைக் காட்டும் அந்தப் படம், நிலமில்லாதவரின் வெறும் அடுப்பைக் காட்டாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆவது பிரிவு, நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டத்துக்குத் தேவை அடுத்த புயலுக்குப் பிறகான கண்ணீர் அல்ல, இப்போதே சில ஏற்பாடுகள்.

அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். ஒவ்வொரு சேரியிலிருந்தும் நான்கு பேராவது எழுந்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். ஒலிபெருக்கி எங்கள் தெருவுக்குள் வருமா, சாலையோடு திரும்பிவிடுமா? எங்களுக்கான பாதுகாப்பு மையம் எது, அதன் சாவியில் ஒன்று எங்கள் மகளிர் குழுவிடம் இருக்குமா? பட்டா இல்லாத குடிசையும் சேதப் பட்டியலில் ஏறுமா, அந்தப் பட்டியல் கிராம சபையில் வாசிக்கப்படுமா? வேலையிழப்புக்கு நிவாரணம் உண்டா? கேட்பதோடு நிற்காமல் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மேலிருந்து எடுக்கும் படத்தில் ஊர், சேரி என்ற பிரிவு கிடையாது. வாய்க்கால் கரையில், பள்ளத்தில், நம்மைக் குடிவைத்தது மேகம் அல்ல. மனிதர்கள் போட்ட அந்தக் கோட்டை மனிதர்கள்தான் அழிக்க வேண்டும். மழை வருவதற்குள் அந்த வேலையைத் தொடங்குவோம்.