வீட்டில் பீர் காய்ச்சலாமா?

பெயரில் இந்தியா இருக்கிறது. பிறந்ததோ லண்டனில். அதற்கு மணம் தரும் பூ தர்மபுரிப் பக்கம் விளைவதே இல்லை. அதை வீட்டில் காய்ச்சினால் போலீசார் வாசலில் வந்து நிற்பார்கள். "இந்தியா பேல் ஏல்" என்ற பீரின் கதை இப்படி விசித்திரமானது.

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது ஒரு பொழுதுபோக்கு. 1978-ம் ஆண்டில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் அதற்கு வழி திறந்துவிட்டது. அப்படிக் காய்ச்சுகிறவர்கள் கூடினால் ஒரே பேச்சுதான்: "மணத்தை எப்படிக் கூட்டுவது?"

இந்தப் பேச்சு இப்போது பெங்களூருக்கும் வந்துவிட்டது. அங்கே உரிமம் பெற்ற விடுதிகள் சில ஆண்டுகளாகத் தாங்களே பீர் காய்ச்சி விற்கின்றன. பெங்களூர் தர்மபுரியிலிருந்து சுமார் மூன்று மணி நேர பஸ் பயணம். தர்மபுரி ஜில்லாப் பிள்ளைகள் பலருக்குப் பிழைப்பு அங்கேதான். லீவுக்கு ஊர் வரும் பையன், "நாமும் ஒரு பானை காய்ச்சிப் பார்த்தால் என்ன?" என்று கேட்டால் ஆச்சரியமில்லை. தகப்பனார் என்ன பதில் சொல்வது?

பூவின் வேலை

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைப்பது தர்மபுரிப் பெண்களுக்குப் பழகிய வேலை. பீருக்கு வாற்கோதுமையை அப்படி முளைகட்டுகிறார்கள். அதை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு இறங்கும். அந்தச் சாற்றைக் கொதிக்க வைத்து, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க விடுகிறார்கள்.

கொதிக்கும்போது போடுவதுதான் "ஹாப்ஸ்" என்ற கொடியின் பூ. குளிர்நாட்டுக் கொடி அது. இந்தியாவில் இமாசலப் பிரதேசத்தின் லாகூல் பள்ளத்தாக்கில் பயிராகிறது. தர்மபுரி வெயிலில் அது தழைக்காது.

இந்தப் பூவுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று கசப்புப் பிசின். மற்றொன்று மணம் தரும் எண்ணெய். பிசின் ஒரு மணி நேரம் கொதித்தால்தான் கசப்பு முழுதாக இறங்கும். எண்ணெயோ, கொதித்தால் ஆவியாகப் பறந்துவிடும். சங்கடமே இதுதான். கசப்பு வேண்டுமென்றால் மணம் போகிறது. மணம் வேண்டுமென்றால் கசப்பு வருவதில்லை.

ரசம் வைக்கத் தெரிந்தவர்கள் இதற்கு உடனே வழி சொல்லிவிடுவார்கள். புளித் தண்ணீரை முதலில் கொதிக்க விடுகிறோம். கொத்தமல்லித் தழையை இறக்கும்போதுதானே போடுகிறோம்? போட்டவுடன் மூடியும் வைக்கிறோம். பீர் காய்ச்சுகிறவர்கள் செய்வதும் அதுவே. கசப்புக்குக் கொஞ்சம் பூவை முதலில் போடுகிறார்கள். பெரும்பங்கை அடுப்பை அணைத்த பிறகு, சூடு 80 டிகிரி அளவுக்குத் தணிந்ததும் போட்டு அரைமணி நேரம் மூடிவைக்கிறார்கள். புளித்து முடிந்த பிறகு, சூடே இல்லாமல் இன்னொரு முறை பூவைப் போட்டு மூன்று, நான்கு நாள் ஊறவைக்கிறார்கள். 20 லிட்டருக்கு 100 கிராம் பூ என்பது இந்தக் கடைசித் தடவைக்கு நல்ல அளவு. நாள் அதிகமானால் புல் வாடை அடிக்கும். காற்றுப் பட்டால் மணம் கெடும். பழைய பூவானால் எத்தனை போட்டும் பயனில்லை.

இதிலே ஒரு வேடிக்கை. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஹாட்ஜ்சன் என்பவரின் லண்டன் ஆலையிலிருந்து இந்தப் பக்கம் கப்பலேறிய பீரில் பூ ஏராளம். ஆனால் கப்பல் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் புது மணம் பெரும்பாலும் மங்கியிருக்கும். பூ அதிகம் போட்டது பீர் கெடாமல் இருக்கத்தான். இன்று மணத்துக்காக அதே பெயரைச் சொல்லி அலைகிறார்கள்!

தண்ணீர் எங்கே?

இங்கிலாந்தின் பர்ட்டன் என்ற ஊர் இந்தப் பீரால் பேர் பெற்றது. அந்த ஊர்க் கிணற்று நீரில் ஜிப்சம் உப்பு அதிகம். அது பூவின் கசப்பை எடுப்பாகக் காட்டும். மற்ற ஊர்க்காரர்கள் அந்த உப்பை வாங்கித் தண்ணீரில் கலக்கிறார்கள்.

தர்மபுரி நீரில் இருப்பது வேறு உப்பு. பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில் ப்ளோரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கலாகாது. மிஞ்சினால் குழந்தைகளின் பல்லில் கறை ஏறும். நாளடைவில் எலும்பும் வளையும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போடப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ப்ளோரைடு கொதித்தால் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஒரு மணி நேரம் கொதிக்கும் பீர்ச் சாற்றுக்கு மட்டுமல்ல, வீட்டில் காய்ச்சும் கஞ்சிக்கும் இது பொருந்தும். பீரை விடுங்கள், இது எல்லார் வீட்டு விஷயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1937 அக்டோபர் 1-ந்தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தது. தர்மபுரி அப்போது சேலத்தோடு இருந்தது. 1965-ல்தான் தனி ஜில்லா ஆயிற்று. கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. கடையில் சாமான் வாங்கும் ஒவ்வொருவரும் மதுவிலக்குக்குப் பணம் கொடுத்தார்கள் என்று அர்த்தம்.

பிறகு மதுவிலக்கு போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. 2003 முதல் சர்க்கார் நிறுவனமான டாஸ்மாக் தானே சில்லறைக் கடை நடத்துகிறது. அங்கே பீரும் கிடைக்கும். ஆனால் 1937-ம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அது சாராயமா, பீரா என்று பேதம் இல்லை.

இது நியாயமா? கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதம் 65 பேருக்கு மேல் மாண்டது மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தால். வாற்கோதுமையைப் புளிக்க வைத்தால் அந்த விஷம் வராது. அது வெளியிலிருந்து சாராயத்தில் கலக்கப்படுவது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது சரியல்ல என்று பையன் வாதாடினால், அதில் உண்மை உண்டு. ஆனால் மலையடிவாரத்தில் ஊறல் பானையைத் தேடிப் போகிற போலீசார், பானையில் இருப்பது பூ மணக்கும் பீரா என்று முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அந்தச் சாவுகளுக்குப் பிறகு தண்டனையும் கடுமையாயிற்று. கள்ளச் சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனைவரை உண்டு.

ஆகவே தகப்பனார் சொல்ல வேண்டிய பதில் சின்னதுதான். தொழில் பிடித்திருந்தால் பெங்களூரில் உரிமம் உள்ள ஆலையில் சேர்ந்து கற்றுக்கொள்ளட்டும். ஊருக்கு வரும்போது பூவும் வேண்டாம், பானையும் வேண்டாம்.