செட்டை மாற்ற முன்னர் கெப்பாசிட்டரைப் பாருங்கள்

பாடசாலை அம்ப்ளிஃபயர் "ம்ம்ம்" என்று இரைகிறதாம். புதுசு வாங்கப் பெற்றோரிடம் காசு சேர்க்கப் போகிறார்களாம். எனக்கு உடன்பாடில்லை.

மைக்கைக் கழற்றி, வொலியூமைப் பூச்சியத்தில் வைத்துப் பார்த்தேன். அப்பவும் இரைகிறது. அப்படியென்றால் சந்தேகம் பவர் சப்ளை மேலதான். எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பிரிட்ஜ் டயோட் தாண்டினால் 100 ஹேர்ட்ஸ் ரிப்பிள். அதை அடக்க வேண்டியது உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து தலை வீங்கியிருக்கும். அதே மைக்ரோஃபரட், வோல்டேஜ் குறையாத ஒன்று போட்டுப் பார்ப்போமே. (பிளக்கைக் கழற்றி, சார்ஜ் முழுக்க இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.)

சாதாரண தரப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள், பரீட்சைக்கு மட்டும். இந்தச் செட்டை அவர்களிடம் தாருங்கள். நான் பக்கத்தில் நிற்பேன். பிறகும் இரைந்தால் முதல் காசு என்னுடையது.