உப்பு விற்கும் இரண்டாவது கிளாஸ்

எந்த வைனுக்கு எந்த உணவு பொருந்தும் என்று பல ஆண்டுகளாக எழுதிக் குவித்த மேற்கத்தைய ஏடுகள், அண்மைக் காலமாகப் பியரின் பக்கம் திரும்பியிருக்கின்றன. சிறு உற்பத்தியாளர்கள் தயாரிக்கும் ‘கிராஃப்ட்’ பியர், அதாவது கைவினைப் பியர், அமெரிக்காவில் வேரூன்றிய பின்னர், அதனோடு எதைக் கடித்துக்கொள்வது என்ற கேள்வி தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அந்தத் துறையில் இன்று செல்வாக்குப் பெற்றிருக்கும் சோடிகளுள் ஒன்று, கைவினைப் பியரும் சுவையூட்டப்பட்ட ஜேர்க்கியும். கசப்பான பியருக்கு மிளகு ஜேர்க்கி, கரிய ஸ்ரவுட்டுக்கு இனிப்பு ஜேர்க்கி என்றெல்லாம் அட்டவணைகள் போடப்படுகின்றன. இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அந்த அட்டவணைகள் சொல்லாமல் விடும் பாதிதான் முக்கியமானது என்பது என் கருத்து.

முதலில் ஜேர்க்கி என்பது என்னவென்று பார்ப்போம். கொழுப்பு நீக்கிய இறைச்சியை மெல்லிய கீலங்களாக அரிந்து, உப்பிட்டு, உலர்த்தி எடுப்பதே ஜேர்க்கி. தமிழில் இதற்கு உப்புக்கண்டம் என்ற அழகான சொல் ஏற்கெனவே உண்டு. ஆங்கிலச் சொல்லோ தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டு மக்களின் கெச்சுவா மொழியிலிருந்து வந்தது. அங்கே ‘சார்க்கி’ என்று வழங்கிய சொல்லை ஸ்பானியர் எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து அது ஆங்கிலத்துக்குச் சென்று ஜேர்க்கி ஆயிற்று. பகலில் கடும் வெயிலும் இரவில் உறைபனியும் மாறி மாறித் தாக்கும் அந்த மலைகளில், லாமாவின் இறைச்சியை உலர்த்தி வைப்பது உயிர் காக்கும் தொழிலாக இருந்தது. இன்கா அரசின் களஞ்சியங்களிலும் சார்க்கி சேமித்து வைக்கப்பட்டிருந்தது. பஞ்சத்துக்கும் பயணத்துக்கும் போருக்கும் உரிய உணவு அது. மதுவுக்குத் துணையாகப் பிறந்த பண்டமல்ல.

இன்றைய சோடியின் கதையை அறிய விரும்புவோர் கலிபோர்னியாவின் சொனோமா என்ற சிறு நகரத்தைப் பார்த்தாலே போதும். வைனுக்குப் பெயர்போன இந்த ஊரில்தான் 1976 இல் ஜக் மக்கோலிஃப் என்பவர் ‘நியூ அல்பியன்’ என்ற சிறிய பியர் உற்பத்திச்சாலையைத் தொடங்கினார். கடற்படையில் பணியாற்றிய காலத்தில் ஸ்கொட்லாந்தில் ருசித்த பியரைத் தன் நாட்டிலும் ஆக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. பழைய பாற்பண்ணைத் தளபாடங்களைக் கொண்டு தானே சாலையை அமைத்தார். 1982 இல் அது மூடப்பட்டது. தொழில் தோற்றது, ஆனால் வழி திறந்தது. நவீன அமெரிக்கக் கைவினைப் பியரின் முன்னோடி என்று அந்தச் சாலை இன்றும் போற்றப்படுகிறது.

அந்த வழியை அகலமாக்கியது ஒரு சட்டம். அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 இல் நீக்கப்பட்டபோது, வீட்டில் வைன் தயாரிக்கக் கிடைத்த சலுகை பியருக்குக் கிடைக்கவில்லை. 1978 ஒக்ரோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அந்தக் குறையைத் தீர்த்தது. வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கலன், இருவர் இருக்கும் வீட்டில் 200 கலன் வரை சொந்தப் பாவனைக்காக வரியின்றித் தயாரிக்கலாம் என்றாயிற்று. வீட்டுச் சமையலறையிலும் வாகனக் கொட்டிலிலும் பழகியவர்கள் பின்னர் தொழில் தொடங்கினார்கள். எழுபதுகளின் இறுதியில் நாடு முழுவதிலும் நூற்றுக்கும் குறைவாக இருந்த பியர் உற்பத்திச்சாலைகள், இன்று ஒன்பதாயிரத்தைத் தாண்டி நிற்கின்றன.

அதே சொனோமாவில் 2009 இல் இன்னொரு தொழில் தொடங்கியது. வைன் தயாரிப்புக் குடும்பமொன்றைச் சேர்ந்த ஜோன் செபாஸ்ரியானி, ‘கிரேவ்’ என்ற பெயரில் ஜேர்க்கி விற்க ஆரம்பித்தார். பெற்றோல் நிலையங்களில் லொறிச் சாரதிகள் வாங்கிச் சப்பும் பண்டம் என்றிருந்த ஜேர்க்கிக்கு, செரிப்பழமும் எலுமிச்சையும் துளசியினப் பசுந்தழையும் சேர்த்துப் புதிய உடை உடுத்தினார் அவர். 2015 இல் சொக்கலேற் பெருநிறுவனமான ஹேர்ஷி அதை வாங்கியது; ஐந்து ஆண்டுகளில் கைமாற்றி விட்டுவிட்டது. பியரும் இறைச்சியும் ஒரே ஊரில், ஒரே விதமான ஆசையில் பிறந்து, ஒரே விதமான சந்தையைச் சந்தித்தன என்பதை மனத்திற் கொள்வோம்.

இனி, இந்தச் சோடிப் பொருத்தத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது? உப்பும் கசப்பும் சேரும்போது ஏதோ நிகழ்கிறது என்பது உண்மையே. பிலடெல்பியாவில் உள்ள மொனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த பிரெஸ்லின், போஷாம்ப் ஆகிய இருவரும் 1997 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு, உப்பு கசப்பை அடக்குவதன் மூலம் மற்றச் சுவைகளை மேலெழச் செய்கிறது என்று காட்டியது. பியரின் கசப்பு, ஹொப்ஸ் எனப்படும் கொடியின் பூக்களைக் கொதிக்க வைக்கும்போது உண்டாவது. உப்பு இறைச்சியை மென்றபின் அந்தப் பியரைப் பருகினால், கசப்பு சற்றே பின்வாங்க, ஹொப்ஸின் தோடம்பழ வாசனையும் தானியத்தின் மெல்லிய இனிப்பும் முன்வருகின்றன. பாகற்காய்க்கு உப்புப் பிசறி வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த உண்மை ஆய்வு நிலையம் சொல்லித் தெரிய வேண்டியதல்ல.

இரண்டாவது பொருத்தம் வறுவலின் உறவு. தானியத்தை முளைக்கவிட்டுச் சூட்டில் உலர்த்தி எடுக்கும் மோல்ட்டிலும், சூடேறிய இறைச்சியிலும் கபில நிறத்தையும் வறுத்த வாசனையையும் தருவது ஒரே வகையான இரசாயன மாற்றம்தான். அதனால்தான் கருமை கூடிய பியர்கள் இறைச்சியோடு அந்நியமின்றிப் பழகுகின்றன. ஜெர்மனியின் பம்பேர்க் நகரில் பீச் மரப்புகையில் மோல்ட்டை உலர்த்திப் பியர் தயாரிக்கும் மரபு இன்றும் உண்டு. அந்தப் புகைப் பியருக்குப் புகையிட்ட இறைச்சி பக்கத்தில் இருந்தால் வேறு விளக்கம் தேவையில்லை. பியர் வகைகளைப் பற்றி உலகம் பேசக் கற்றுக்கொண்டது 1977 இல் வெளிவந்த மைக்கல் ஜக்சனின் நூலில் இருந்துதான் எனலாம். 2007 இல் காலமான அந்த ஆங்கில எழுத்தாளர், நமது நாட்டு லயன் ஸ்ரவுட்டையும் தேடிவந்து பருகிப் பாராட்டி எழுதியவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆனால், அட்டவணைக்காரர்கள் தவறும் இடங்களும் உண்டு. ‘பியரின் குமிழிகள் கொழுப்பை அறுத்து நாக்கைத் துடைக்கும்’ என்பது அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் வாசகம். பொரித்த பன்றியிறைச்சிக்கு இது பொருந்தலாம். ஜேர்க்கியில் அறுப்பதற்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது? கொழுப்பு இருந்தால் நாட்பட நாட்பட ஊசிப்போகும் என்பதற்காகவே அதை முதலில் நீக்கிவிடுகிறார்கள். மூன்று கிலோ இறைச்சி உலர்ந்து ஏறத்தாழ ஒரு கிலோவாகும் பண்டத்தில் எஞ்சியிருப்பது புரதமும் உப்பும்தான். அங்கே பியர் செய்யும் வேலை, உலர்ந்த துண்டை வாயில் நனைப்பதும் உப்பைக் கழுவுவதும் மட்டுமே.

காரத்தைப் பற்றியும் இப்படியே. மிளகாய் ஜேர்க்கிக்குக் கடுங்கசப்பான பியர் காரத்தை ஆற்றும் என்று எழுதுகிறார்கள். ஆற்றாது. மிளகாயின் எரிவைத் தரும் பொருள் நீரில் கரைவதில்லை. ஐந்து சதவீத மதுசாரம் அதைக் கரைத்து அகற்றப் போதாது. குமிழிகளும் கசப்பும் எரிவின்மேல் எரிவாகவே அமையும். காரத்துக்கு ஏற்றது கசப்புக் குறைந்த, சற்று இனிப்பான பியர். யாழ்ப்பாணத்துக் காரக்கறியில் வளர்ந்தவர்களுக்கு இதை அட்டவணை போட்டு விளக்க வேண்டியதில்லை.

சுவையூட்டல் என்ற பெயரில் நடப்பது இன்னொரு சங்கடம். சோயா, கபிலச் சீனி, தேன், பழச்சாறு, புகை வாசனைத் திரவம் எல்லாம் ஏறிய பின்னர், இறைச்சியின் சொந்தச் சுவை எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருக்கிறது. இனிப்பு வகை ஜேர்க்கிகள் பலவற்றில் 28 கிராம் துண்டுகளுக்குள் 5 கிராமுக்கும் அதிகமான சீனி இருக்கிறது. பியரிலோ உற்பத்தியாளர் பல வாரங்கள் செலவிட்டுக் கொண்டுவந்த நுண்ணிய வாசனைகள் இருக்கின்றன. இரண்டும் உரத்துப் பேசினால் உரையாடல் நிகழாது. சந்தைக்கடை இரைச்சல்தான் மிஞ்சும். நல்ல பியருக்கு உப்பும் மிளகும் மட்டும் கண்ட எளிய உப்புக்கண்டமே போதும் என்பேன்.

இதுவரை சொன்னது சுவை. இனிச் சொல்ல வேண்டியது வியாபாரம். மதுக்கடைக்காரர்கள் உப்புக் கடலையையும் பொரியலையும் மேசைக்கு அனுப்புவது விருந்தோம்பலால் மட்டும் அல்ல. உப்புத் தாகத்தைத் தரும். தாகம் அடுத்த கிளாஸைக் கேட்கும். 28 கிராம் ஜேர்க்கியில் ஏறத்தாழ 500 மில்லிகிராம் சோடியம் இருப்பது சாதாரணம். நாளொன்றுக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒருவர் கதைத்தபடியே ஒரு பொதியை முடித்தால், அந்த நாளின் பங்கில் பெரும்பகுதி அந்த மேசையிலேயே தீர்ந்துவிடும். சோடி சேர்க்கும் கலை, மெல்லப் பருகவும் கவனித்துச் சுவைக்கவும் கற்றுத்தருகிறது என்பதே அதன் ஆதரவாளர்களின் பெருமை. ஆனால், தாகமூட்டும் உப்பைத் துணையாக வைத்துக்கொண்டு நிதானத்தைப் போதிப்பது எப்படி? முதலாவது கிளாஸுக்குச் சுவையைச் சொல்லும் அந்த எழுத்துகள், இரண்டாவது கிளாஸை விற்பது உப்பு என்பதைச் சொல்வதில்லை.

‘கைவினை’ என்ற சொல்லும் இதே போன்ற மயக்கத்தைத் தருவதே. அமெரிக்கப் பியர் உற்பத்தியாளர் சங்கத்தின் வரைவிலக்கணப்படி, ஆண்டுக்கு 60 இலட்சம் பரல் வரை தயாரிப்பவர் ‘சிறியவர்’. ஏறத்தாழ 70 கோடி லீற்றர்! முன்னர் 20 இலட்சமாக இருந்த எல்லை 2011 இல் இவ்வாறு உயர்த்தப்பட்டது. அதே ஆண்டில் சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் நிறுவனத்தை உலகின் மிகப் பெரிய பியர் நிறுவனம் வாங்கியது. சான் பிரான்சிஸ்கோவின் அங்கர் உற்பத்திச்சாலை, 1965 இல் ஃபிரிட்ஸ் மேராக் என்ற தனிமனிதரால் மூடப்படும் நிலையிலிருந்து மீட்கப்பட்டது. 2017 இல் ஜப்பானின் சப்போரோவிடம் சென்றது. 2023 இல் அதன் கதவுகள் அடைக்கப்பட்டன. ஒரு தனிமனிதரின் பிடிவாதத்தால் பிழைத்த சாலை, பெருநிறுவனத்தின் கணக்கேட்டில் பிழைக்கவில்லை. போத்தலில் உள்ள பெயர் மாறாதிருக்க, அதன் பின்னால் உள்ள கை மாறிவிடுகிறது. நாம் சுவைப்பது கையையா, பெயரையா என்று கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

உடல்நலத்தைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பதப்படுத்தப்பட்ட இறைச்சியை 2015 இல் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பது பெருங்குடற் புற்றுநோயின் அபாயத்தை ஏறத்தாழ 18 சதவீதம் உயர்த்துகிறது என்பது அதன் மதிப்பீடு. மதுபானம் அதே பிரிவில் 1988 ஆம் ஆண்டிலேயே இடம்பெற்றுவிட்டது. எப்போதாவது உண்ணும் ஒரு துண்டு ஒருவரைக் கொன்றுவிடாது. ஆனால், இரண்டையும் நாளாந்தப் பழக்கமாக்கும் ஒரு ‘கலை’, தன் வாசகருக்கு இதையும் ஒரு வரியில் சொல்லக் கடமைப்பட்டது.

‘ஒரு கிளாஸ் பியருக்கும் ஒரு துண்டு இறைச்சிக்கும் இவ்வளவு விசாரணையா?’ என்று சிலர் கேட்கக்கூடும். குடியைப் பற்றி எழுதுவதே தவறு என்று வேறு சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். இரு சாராருக்கும் ஒரே பதில்தான். நம்மவர் குடிக்காமல் இல்லை. தவறணைகளில் பிளாவில் வார்த்த கள்ளும் பொரித்த கருவாடும் தலைமுறைகளாகச் சோடி சேர்ந்தே இருந்தன. இன்றோ, ஊரிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் நம் விழாக்களின் பின்கதவில் வெறும் வயிற்றில், அவசரமாக, ஒளித்துக் குடிக்கும் பழக்கமே மேலோங்கி நிற்கிறது. அதன் விலையைக் குடும்பங்களே செலுத்துகின்றன. பேசாமல் விட்டதால் குடி குறைந்துவிடவில்லை. அளவைப் பற்றிய பேச்சுத்தான் குறைந்துவிட்டது.

அந்த வகையில் சோடி சேர்ப்போரிடம் நான் மதிப்பது ஒன்றுண்டு. எதைக் குடிக்கிறோம், அதை யார் ஆக்கினார், அதில் என்ன வாசனை இருக்கிறது என்று நின்று கேட்கச் செய்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதுதான் என் முறைப்பாடு. பருக விரும்புவோர் சிறிய கிளாஸ் ஒன்றை எடுக்கட்டும். சீனி ஏறாத உப்புக்கண்டத்தில் இரண்டு துண்டுகளை மட்டும் தட்டில் வைத்துப் பொதியை மூடி அப்பால் வைக்கட்டும். பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர் இருக்கட்டும். தாகம் எடுத்தால் தண்ணீர். சுவைக்க விரும்பினால் பியர். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுத்தராத எந்தச் சோடிப் பொருத்தமும், அழகாக அச்சிட்ட விளம்பரத்துக்கு மேல் எதுவும் அல்ல.