பழுது கன்ட்ரோலரில் இல்லை

கணினி விளையாட்டு ஒன்று கன்ட்ரோலரை ஏற்க மறுத்தால், உடனே வழங்கப்படும் தீர்ப்பு ஒன்றுதான்: "மலிவான சரக்கு, எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் வாங்குங்கள்." கோலார் தங்கவயலில் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி கன்ட்ரோலர் வாங்கும் மாணவருக்கும் இதே தீர்ப்புதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, வேலை தேடி நாள்தோறும் பெங்களூருக்கு ரயிலேறுவோரின் ஊர் அது. அங்கே பல ஆயிரம் ரூபாய்க் கருவியை வாங்கச் சொல்வது ஆலோசனை அன்று; சோதிக்காமலேயே சுமத்தப்படும் குற்றச்சாட்டு.

சோதனையோ எளியது. விண்டோஸில் கேம் கன்ட்ரோலர்களுக்கான அமைப்புப் பக்கத்தைத் திறந்து பொத்தான்களை அழுத்திப் பார்த்தால் போதும். அங்கே எதுவும் அசையாவிட்டால் வடம், போர்ட், டிரைவர், கருவி என ஒவ்வொன்றாக ஐயுறலாம். ஒவ்வோர் அழுத்தமும் பதிவானால் கருவியைப் பழிக்க இடமில்லை; செவி கொடாதது விளையாட்டுதான்.

காரணம் வரலாற்றில் உள்ளது. 1990களில் வந்த டைரக்ட்இன்புட் பலவகைக் கருவிகளுக்கும் இடமளித்தது. ஆனால் 'முதல் பொத்தான்' எது என்பது கருவிக்குக் கருவி வேறுபட்டது. 2005இல் மைக்ரோசாஃப்ட், எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரின் அமைப்பை ஒட்டி எக்ஸ்இன்புட்டைக் கொண்டுவந்தது. பொத்தான் குழப்பம் தீர்ந்தது உண்மை. அதற்கான விலையும் உண்டு: எக்ஸ்இன்புட்டை மட்டும் கேட்கும் விளையாட்டின் முன், மற்ற முறையில் பேசும் கருவி இருந்தும் இல்லாததாயிற்று. ஒரு நிறுவனத்தின் வடிவமைப்பு இயல்பாகவும், ஏனையவை பழுதாகவும் எண்ணப்பட்டன.

ஆயிரக்கணக்கான கருவிகளைச் சோதிக்க இயலாது என்பது விளையாட்டு நிறுவனங்களின் வாதம். எஸ்டிஎல் என்னும் கட்டற்ற நிரல் நூலகத்துக்காகத் தன்னார்வலர் திரட்டிய பொத்தான் வரைபடங்கள் எவரும் எடுத்தாளும் வகையில் பொதுவில் உள்ளன. ஸ்டீம் இன்புட்டும் எக்ஸ்360சிஇயும் பழைய கருவியின் மொழியைப் புதிய விளையாட்டுக்குப் பெயர்த்துச் சொல்கின்றன. தன்னார்வலருக்கு இயன்றது, பெரும் முதலீட்டில் விளையாட்டு தயாரிப்போருக்கு இயலாதா? இயலாமை அன்று இது; அக்கறையின்மை. தமக்கென அமைக்கப்பட்ட தனிவகைக் கருவியையே நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளிக்கோ, இதனால் அடைபடுவது விளையாட்டின் வாசலே.

பதிவாகாததை என்ன செய்வது என்பதற்குத் தங்கவயலே ஒரு சான்று தந்திருக்கிறது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயத்தைப் பதிவு செய்தனர். அதுவரை பதிவாகவில்லை என்பதால் அவை இல்லை என்று அவர்கள் முடிவுகட்டவில்லை. பிற கதிர்களின் இரைச்சல் குறைந்த ஆழத்துக்கு இறங்கி, உணரும் கருவிகளை அங்கே நிறுவினர். கண்டறியும் பொறுப்பைக் கண்டறிவோரே ஏற்றனர்.

மென்பொருள் ஆய்வுகளில் 'பயனர் பிழை' என்று எழுதும் முன் அதே நேர்மை வேண்டும். எந்த உள்ளீட்டு முறைகளை ஏற்கும் என்பதை ஒவ்வொரு விளையாட்டும் விற்பனைக்கு முன்பே அறிவிக்க வேண்டும். பொத்தான்களை மாற்றியமைக்கும் வசதியைத் தனக்குள்ளேயே தர வேண்டும். அதுவரை, பழுதைச் சரிசெய்ய வேண்டியவர் விளையாட்டை விற்றவரே. விலை கொடுத்து வாங்கிய மாணவர் அல்லர்.