பிடிஎஃப் ரீடர்: வீட்டு கம்ப்யூட்டருக்கு எது போதும்? போலி ஆப்களிடம் சிக்காமல் இருப்பது எப்படி?

இ-ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், ரயில் டிக்கெட், தேர்வு ஹால் டிக்கெட், இன்சூரன்ஸ் பாலிசி... வீட்டுக்கு வரும் முக்கியமான காகிதம் எல்லாம் இப்போது பிடிஎஃப் ஆகத்தான் வருகிறது.

கிளிக் செய்தால் ஃபைல் திறக்கவில்லை. உடனே என்ன செய்கிறோம்? 'ஃப்ரீ பிடிஎஃப் ரீடர்' என்று கூகுளில் தேடி, மேலே வரும் முதல் லிங்க்கை அழுத்துகிறோம். அந்த முதல் லிங்க் பல நேரம் யாரோ காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

2025-ல் என்ன நடந்தது?

'ஆப்சூட் பிடிஎஃப் எடிட்டர்' என்ற இலவச மென்பொருள் கூகுள் விளம்பரங்கள் மூலம் பரப்பப்பட்டது. இன்ஸ்டால் செய்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம், அது நிஜமாகவே பிடிஎஃப் வேலையைச் செய்தது. பல வாரம் சும்மா இருந்துவிட்டு, ஆகஸ்ட் மாதம் ஒரு அப்டேட் வழியாக அது தன் வேலையைக் காட்டியது. பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளையும் குக்கீகளையும் திருடத் தொடங்கியது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்தத் திருட்டு மென்பொருளுக்கு 'டேம்பர்டு செஃப்' என்று பெயர் வைத்தார்கள்.

குக்கீ போனால் என்ன? நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளச் சீட்டு அது. அது திருடன் கையில் இருந்தால், பாஸ்வேர்டு தெரியாமலேயே உங்கள் மெயிலுக்குள் நுழைய வாய்ப்பு உண்டு.

அதே ஆண்டு மார்ச்சில், அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகமும் ஒரு எச்சரிக்கை விடுத்தது. ஃபைல்களை மாற்றித் தருவதாகச் சொல்லும் இலவச இணையதளங்கள் சில, நீங்கள் ஏற்றும் ஃபைலில் உள்ள விவரங்களைத் திருடுகின்றன, கூடவே வைரஸையும் அனுப்புகின்றன என்றது அந்த எச்சரிக்கை.

முதல்ல, தனியா ஒரு ரீடர் தேவையா?

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை என்பதுதான் நேரடியான பதில்.

பிடிஎஃப் வடிவத்தை 1993-ல் அறிமுகப்படுத்தியது அடோப் நிறுவனம். 2008-ல் அது ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமாக ஆனது. அதனால் யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் ரீடர் உருவாக்கலாம். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் ரீடர் உள்ளேயே இருக்கிறது. மேக் கம்ப்யூட்டரில் 'பிரிவ்யூ' இருக்கிறது. படிக்க, பிரின்ட் எடுக்க, சாதாரண படிவம் நிரப்ப இவை போதும்.

பிரவுசர் தானாக அப்டேட் ஆவது இன்னொரு நன்மை. என்றோ இன்ஸ்டால் செய்து, அப்டேட் செய்யாமல் கிடக்கும் ரீடரைவிட இது பாதுகாப்பு.

அப்போ அடோப் ரீடர் எதுக்கு?

டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்க.

இ-ஆதாரை குரோமில் திறந்தால் கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி தெரியும். உடனே 'போலி ஆதாரோ' என்று பயப்பட வேண்டாம். கையெழுத்து இன்னும் சரிபார்க்கப்படவில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம். இலவச அடோப் அக்ரோபேட் ரீடரில் இதைச் செய்யலாம்:

• ஃபைலைத் திறக்க பாஸ்வேர்டு: பெயரின் முதல் 4 ஆங்கில எழுத்துகள் பெரிய எழுத்தில், அதையடுத்து பிறந்த ஆண்டு.
• கேள்விக்குறி மீது ரைட் கிளிக் செய்து 'வேலிடேட் சிக்னேச்சர்' தேர்வு செய்யுங்கள்.
• 'சிக்னேச்சர் பிராப்பர்ட்டீஸ்' உள்ளே போய்ச் சான்றிதழைத் திறந்து, 'சிசிஏ இந்தியா' என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.
• இருந்தால் மட்டும், 'டிரஸ்ட்' பகுதியில் அதை நம்பகமான பட்டியலில் சேர்த்து, மீண்டும் வேலிடேட் செய்யுங்கள். பச்சை டிக் வரும்.

இதை ஒரு தடவை செய்தால் போதும். அடுத்த முறை வரும் இ-ஆதார் தானாகச் சரிபார்க்கப்படும். வாடகைக்கு வருபவர் பிடிஎஃப் ஆக ஆதார் அனுப்பினால், வீட்டு உரிமையாளர் அதை நம்பலாமா என்று பார்க்க இது நல்ல வழி. கையெழுத்துக்குப் பிறகு யாராவது பெயரையோ முகவரியையோ திருத்தியிருந்தால் ரீடர் காட்டிக்கொடுத்துவிடும். பிரின்ட் எடுத்த தாளில் இந்தச் சோதனை செய்ய முடியாது. அதற்கு கியூஆர் கோடுதான் வழி.

பழைய கம்ப்யூட்டரா? வேற என்ன இருக்கு?

சுமத்ரா பிடிஎஃப்: விண்டோஸுக்கு மட்டும். அளவில் மிகச் சிறியது, விளம்பரம் இல்லை, ஓப்பன் சோர்ஸ். மெதுவான கம்ப்யூட்டரிலும் சட்டென்று திறக்கும். ஆனால் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்காது.

ஆக்குலர்: லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் இயங்கும் ஓப்பன் சோர்ஸ் ரீடர். குறிப்பு எழுதலாம், கையெழுத்தையும் பார்க்கலாம். ஜெர்மனியின் 'புளூ ஏஞ்சல்' சுற்றுச்சூழல் முத்திரையை 2022-ல் பெற்ற முதல் மென்பொருள் இதுதான்.

ஃபாக்ஸிட்: வசதிகள் அதிகம், இலவசப் பதிப்பு உண்டு. ஆனால் 2024-ல் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் இதில் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினர். ஆபத்தான ஃபைல் வரும்போது தோன்றும் எச்சரிக்கைப் பெட்டியில், 'ஓகே' தான் முன்கூட்டியே தேர்வாகியிருந்தது. படிக்காமல் என்டர் தட்டியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எந்த ரீடராக இருந்தாலும் இந்தப் பாடம் பொருந்தும்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ரீடரை மட்டும் புதுசாக மாற்றுவது முழுப் பாதுகாப்பு ஆகாது.

தமிழ் காப்பி பண்ணினா ஏன் குழம்புது?

பிடிஎஃப்-ல் தமிழ் அழகாகத் தெரியும். காப்பி செய்து ஒட்டினால் புரியாத எழுத்தாக வரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஃபைல் என்றால் அப்படித்தான் வரும். யூனிகோடு ஃபைலிலும் ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு இடம் மாறுவது உண்டு. ஃபைல் தயாரான விதத்தில் உள்ள கோளாறு இது. ரீடரை மாற்றினாலும் பெரும்பாலும் சரியாகாது.

வாக்காளர் பட்டியலும் இதே கதைதான். பட்டியலின் பிடிஎஃப்-ல் பெயரைத் தேடினால் கிடைக்காது. பக்கங்கள் படங்களாக இருப்பதே காரணம். தேடக்கூடிய வடிவில் வேண்டும் என்ற கோரிக்கையை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனவே 'தேடினேன், பெயர் வரலை' என்று பதற வேண்டாம். பக்கம் பக்கமாகப் பாருங்கள், அல்லது தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் வாக்காளர் அட்டை எண் கொடுத்துத் தேடுங்கள்.

டவுன்லோடு செய்யும் முன்

• விளம்பர லிங்க்கைத் தவிர்த்து, நிறுவனத்தின் சொந்த இணையதளம் அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்குப் போங்கள்.
• இன்ஸ்டால் செய்யும்போது கூடுதல் மென்பொருளுக்கு டிக் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.
• 'உங்கள் ரீடர் பழசு, உடனே அப்டேட் செய்யுங்கள்' என்று ஒரு வெப்சைட் சொன்னால் நம்பாதீர்கள். அப்டேட்டை ரீடருக்குள் போய்ப் பாருங்கள்.
• ஆதார், பான், பேங்க் ஃபைல்களை இலவச கன்வெர்ட்டர் தளங்களில் ஏற்றாதீர்கள்.

சுருக்கமா சொன்னா?

படிக்க மட்டும் என்றால் பிரவுசர் போதும். கையெழுத்து பார்க்க அடோப் அல்லது ஆக்குலர். பழைய கம்ப்யூட்டர் என்றால் சுமத்ரா. எதை எடுத்தாலும், எங்கிருந்து டவுன்லோடு செய்கிறீர்கள் என்பதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டர் என்றால், இன்றே உட்கார்ந்து நீங்களே செட் செய்து கொடுத்துவிடுங்கள்.