ஆட்டுக்கு ஓர் உத்தியோகம்

இங்கிலாந்திலுள்ள பிரிஸ்டல் நகரம் நம் தேசத்தாருக்கு அந்நியமான ஊர் அன்று. ராஜா ராம்மோகன் ராய் 1833-ல் அதன் அருகேதான் உயிர் நீத்தார். அவருடைய சமாதியும் அங்கேயே இருக்கிறது. அந்நகரின் ஓரத்தில் ஏவான் நதி சுண்ணாம்புப் பாறையை அறுத்துக்கொண்டு, ஏறக்குறைய 300 அடி ஆழமும் ஒன்றரை மைல் நீளமுமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. 1864-ல் திறக்கப்பட்ட தொங்கு பாலத்தைக் காணவே பிரயாணிகள் அங்கே கூடுகிறார்கள். நாம் சொல்ல வந்ததோ, பாலத்தின் கீழே பாறையைப் பற்றிக்கொண்டு நிற்கும் செடிகளைப் பற்றி.

சுண்ணாம்புப் பாறைமேல் படிந்திருக்கும் மண் மிக மெல்லியது. பெய்த மழை வெடிப்புகளில் இறங்கி மறைந்துவிடும். வெயில் பட்டால் கல் காயும். செழித்த நிலத்தில் பெரிய செடிகளோடு போராடி வெல்ல இயலாத எளிய பூண்டுகளுக்கு இத்தகைய இடமே புகலிடம். கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பூண்டு, பிரிட்டனில் இங்கன்றி வேறெங்கும் தானாக வளர்வதில்லை. 'பிரிஸ்டல் ஒயிட்பீம்' என்னும் மரமோ உலகத்திலேயே வேறெங்கும் கிடையாது! அது கருவுறாமலே விதை ஈனுகிறது. ஆகவே மகவு தாயின் அச்சாகவே இருக்கும்.

முன்னாளில் இப்பாறைகளைக் கல்லுக்காக உடைத்தார்கள். மேற்குக் கரையிலுள்ள வனத்தின் ஒரு பகுதி, வீடுகள் எழாதபடி 1909-ல் பொது அறநிலையம் ஒன்றுக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டது. மனிதன் கை வைக்காவிட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் மேய்ச்சல் நின்றவுடன் புதர் மண்டியது, மரங்கள் ஓங்கின. மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து கொண்டுவந்த, இலையுதிராத ஓக் மரமும் பரவி, ஆண்டு முழுவதும் நிழல் விரித்தது. வெயிலையே நம்பிய பூண்டுகளுக்கு அந்த நிழலே யமன் ஆயிற்று.

செங்குத்தான சரிவில் நின்று புதர் வெட்டுவது எளிதன்று. ஆகவே 2011-ல், 'கல்லி' என்னும் கிளைப் பள்ளத்தில் வேலியிட்டு ஆறு ஆடுகளை விட்டார்கள். ஆடு புகுந்த தோட்டம் என்றால் நம் வீட்டுப் பெண்மணிகள் தலையில் அடித்துக்கொள்வார்கள். அங்கேயோ அதற்குத் தோட்டக்காரன் உத்தியோகம்! முள்ளையும் தளிரையும் அது தின்னத் தின்ன, பாறைக்கு மீண்டும் வெயில் கிடைக்கிறது. எனினும் அபூர்வ மரம் எது, களை எது என்று ஆட்டுக்குத் தெரியாதல்லவா? அதனால்தான் வேலி. அவ்வேலிக்கு வெளியேயுள்ள சரிவுகளில் மனிதர்தாம் அரிவாளோடு ஏறவேண்டியிருக்கிறது.