பேய் ஊருக்குள் போன கார்

நள்ளிரவு. பலத்த மழை. ஒரு காரில் நாலு பேர் போகிறார்கள். ரோட்டின் குறுக்கே மரம் விழுந்து கிடக்கிறது. "இந்தப் பக்கம் போங்க" என்று ஒரு கிழவர் கையைக் காட்டுகிறார். கொஞ்ச தூரம் போனதும் கார் நின்றுவிடுகிறது. எதிரே ஓர் ஊர். விளக்கு இல்லை. நாய்கூடக் குரைக்கவில்லை. ஒரே ஒரு வீட்டில் மட்டும் கதவு திறந்திருக்கிறது.

மேலே நடக்கப் போவதைச் சினிமா பார்க்கும் சிறு குழந்தைகூடச் சொல்லிவிடும். நாலு பேரில் மூன்று பேர் வீடு திரும்பப் போவதில்லை!

வழி தவறிய பிரயாணிகள், விபரீதமான ஊர். இந்தக் கதை உலகமெங்கும் எத்தனையோ தடவை படமாகிவிட்டது. இன்னும் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். முன்பெல்லாம் இந்த மாதிரிப் படத்தைப் பார்க்க இரவு ஆட்டத்துக்குக் கொட்டகைக்குப் போக வேண்டும். இப்போது படம் வீட்டுக்கே வந்துவிடுகிறது. அம்மா அடுப்படியில் இருப்பாள். பையன் போர்வைக்குள் செல்போனில் பேய் பார்த்துக்கொண்டிருப்பான்.

இவ்வளவு பேய்ப் படங்கள் ஏன் வருகின்றன? அதில் வரும் பயம் நிஜமான பயந்தானா?

காசு குறைவு, நடுக்கம் அதிகம்

முதல் காரணம், செலவு குறைவு. காதல் படத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டும், பாட்டு வேண்டும், வெளிநாட்டுக் காட்சி வேண்டும். பேய்ப் படத்துக்கு ஒரு பழைய வீடு போதும். புது முகங்கள் போதும். இருட்டுக்குக் காசு கிடையாது! பாதிப் பயத்தை உண்டாக்குவது சத்தம். கதவு கிறீச்சிடுவதும், மாடியில் யாரோ நடப்பதும் ஒலிப்பதிவு அறையில் சேர்க்கப்படும் வேலைகள். பேயைக் காட்டாமல் இருந்தால் பயம் கூடுகிறது, செலவும் மிச்சமாகிறது.

இந்தித் திரையுலகில் ராம்சே சகோதரர்கள் என்று ஏழு அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். அவர்களுடைய தகப்பனார் கராச்சியில் ரேடியோ கடை வைத்திருந்தவர். பிரிவினையின்போது பம்பாய்க்கு வந்து படம் எடுக்கத் தொடங்கினார். 1970-ல் அவர் எடுத்த ஒரு படம் ஓடவில்லை. ஆனால் அதில் பிருத்விராஜ் கபூர் பயங்கரமான முகமூடி போட்டு வரும் ஒரு கட்டத்தை மட்டும் ஜனங்கள் ரசித்தார்கள். பிள்ளைகள் அதைக் கவனித்துவிட்டார்கள். ஒருவர் கதை, ஒருவர் காமிரா, ஒருவர் ஒலி, இரண்டு பேர் டைரக்‌ஷன் என்று வேலையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நடிகர்களை பஸ்ஸில் ஏற்றி மகாபலேசுவரத்துக்குக் கூட்டிப்போய், அரசாங்க விருந்தினர் விடுதியில் தங்கவைத்துப் படத்தை முடித்தார்கள். 1972-ல் வெளிவந்த 'தோ கஜ் ஜமீன் கே நீச்சே' நன்றாக ஓடியது. அதன் பிறகு அவர்கள் பேயை விடவே இல்லை. 1984-ல் வந்த 'புரானா மந்திர்' பெரும் வசூல்.

தமிழிலும் இதே கணக்குதான். 2012-ல் வந்த 'பீட்சா', 2015-ல் வந்த 'டிமான்ட்டி காலனி' இரண்டும் சிக்கனமாக எடுத்து வெற்றி கண்டவை. ஒன்றில் பீட்சா கொண்டுபோகும் பையன் ஒரு பங்களாவில் மாட்டிக்கொள்கிறான். மற்றொன்றில் பெரும் பகுதிக் கதை ஒரே அறைக்குள் நடக்கிறது. 2014-ல் வந்த 'யாமிருக்க பயமே' படத்தில் மலை ஊரில் ஒரு விடுதி. அங்கே வந்து தங்குகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். ஜனங்கள் பயந்துகொண்டே சிரித்தார்கள்.

முதலில் சாவது செல்போன்

பிரயாணிகளைப் பேய் ஊரில் மாட்டிவைப்பது இப்போது சுலபமில்லை. அந்தக் காலத்தில் கார் நின்றால் போதும். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. வழி காட்டும் வரைபடமும் அதிலேயே இருக்கிறது. ஆகவே கதாசிரியர் முதல் வேலையாகச் செல்போனைக் கொல்ல வேண்டியிருக்கிறது. "சிக்னல் இல்லை" என்று ஒருவர் சொல்வார். அப்போதே பார்ப்பவர்களுக்குப் புரிந்துவிடும், இனி இவர்கள் பிழைப்பது கஷ்டம் என்று!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் இப்படி ஒரு படம் எடுக்க வந்தால் செட் போட வேண்டிய அவசியமே இராது. சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் இரவு முழுதும் வண்டி ஓடுகிறது. அந்தச் சாலையோரத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751-ல் ஆங்கிலேயர் ஒரு பக்கமும் பிரெஞ்சுக்காரர் ஒரு பக்கமுமாகச் சண்டை நடந்த வட்டாரம் அது. நிலா வெளிச்சத்தில் பார்த்தால் படத்துக்குப் பாதி வேலை முடிந்தது. சாத்தனூரில் சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்திய மரம் கல்லாகிக் கிடக்கிறது. அரியலூரைச் சுற்றிச் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்கள். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடல் பிராணிகளின் சுவடு இன்னும் கல்லில் கிடைக்கிறது. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ராத்திரி ரயிலில் வருகிறவர்கள் அரியலூரில் இறங்கி, ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சாலை வழியாகத்தான் போக வேண்டும். வேறென்ன வேண்டும் ஒரு பேய்ப் படத்துக்கு?

ஆனால் அரியலூர் என்றதும் பழைய தலைமுறைக்கு நினைவு வருவது பேய் அல்ல. 1956 நவம்பர் 23-ம் தேதி விடியற்காலை, மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பழுதாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். தூங்கிக்கொண்டிருந்த பிரயாணிகளை ஆற்றில் தள்ளியது மழை வெள்ளம். அதற்கு முகமூடி தேவைப்படவில்லை.

விருந்தாளி கேட்ட ஓர் இரவு

விபரீத ஊருக்கு வழிப்போக்கர் வரும் கதை சினிமாவுக்கு முன்பே இந்த மண்ணில் இருக்கிறது. பெரம்பலூருக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் உள்ள சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கதைதான் அது.

அந்த ஊரில் முதலில் இருந்தவள் செல்லியம்மன். ஒரு மந்திரவாதி அவளைத் தன் மந்திரத்தால் கட்டி ஆட்டிவைத்தான். மதுரையிலிருந்து ஒரு பெண் வருகிறாள். காளி என்பார்கள், கோபம் தணியாத கண்ணகி என்றும் சொல்வார்கள். "இன்று இரவு தங்க இடம் வேண்டும்" என்று கேட்கிறாள். செல்லியம்மன் நடுங்குகிறாள். மந்திரவாதி கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறாள். வந்தவள் அன்றிரவே மந்திரவாதியை ஒழிக்கிறாள். "இனி ஊரை நீயே பார்த்துக்கொள்" என்று செல்லியம்மன் பெரியசாமி மலைக்குப் போய்விடுகிறாள். முதல் மரியாதை இன்றும் செல்லியம்மனுக்குத்தான். கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் நித்தியமாகத் திறக்கிறது. மற்ற நாள்களில் அம்மன் மலையில் தோழியோடு இருக்கிறாள் என்பது நம்பிக்கை.

சினிமாக் கதையில் ஊர் விருந்தாளியைக் கொல்கிறது. சிறுவாச்சூர்க் கதையில் விருந்தாளி ஊரைக் காப்பாற்றுகிறாள். எந்தக் கதை நிஜத்துக்குப் பக்கம்? அதைச் சொல்லுமுன் ஓர் அமெரிக்கப் படத்தைப் பார்க்க வேண்டும்.

1964-ல் வந்த 'டூ தௌசண்ட் மேனியாக்ஸ்' இந்த வகைக்கு ஒரு முன்னோடி. மிகச் சொற்பச் செலவில் எடுத்தது. வடக்கேயிருந்து வந்த 6 பேரை, பொய்யான வழிகாட்டிப் பலகை வைத்து ஒரு தெற்கத்திய ஊருக்குத் திருப்பிவிடுகிறார்கள். மேள தாளத்தோடு வரவேற்பு! பிறகு ஒவ்வொருவராகக் கொல்கிறார்கள். காரணம் என்ன? நூறு வருஷத்துக்கு முன்பு உள்நாட்டுப் போரில் வடக்கத்தியச் சிப்பாய்கள் அந்த ஊரையே அழித்துவிட்டார்கள். ஊராரெல்லாம் பழி வாங்க வந்த ஆவிகள். படம் எடுத்த இடம் புளோரிடாவில் உள்ள செயின்ட் கிளவுட் என்ற சிறு ஊர். அந்த ஊர் மக்களே கூட்டமாக வந்து நடித்துக் கொடுத்தார்கள்.

படம் மட்டமானதுதான், ரத்தம் ஆறாக ஓடுகிறது. ஆனாலும் அதில் ஒரு விஷயம் உண்டு. அந்த ஊருக்கும் ஒரு பயம் இருந்தது. வெளியூர்க்காரன் வந்தால் நம்மை அழித்துவிடுவான் என்ற பயம்.

அத்திமூரில் நடந்தது

2018 மே மாதம் 9-ம் தேதி. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் புறப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் உள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். அத்திமூர் என்ற ஊர் அருகே வண்டியை நிறுத்தி வழி கேட்டார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார்கள்.

அவ்வளவுதான் அவர்கள் செய்தது.

அந்த வாரங்களில் வட தமிழ்நாட்டில் "பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்துகொண்டிருந்தது. பொய்ச் செய்தி. சாக்லேட் கொடுத்ததும் ஒருவருக்குச் சந்தேகம். போன் பறந்தது. கூட்டம் காரைத் துரத்திப் பிடித்தது. 65 வயது மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். கூட இருந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். பலர் கைது செய்யப்பட்டார்கள்.

பேய்ப் படத்தின் கதை அப்படியே இருக்கிறது பாருங்கள்! கார், வழி தெரியாத பிரயாணிகள், தெரியாத ஊர், கூட்டம். ஆனால் அந்த ஊரில் மந்திரவாதி இல்லை, ஆவி இல்லை. இருந்தவர்கள் பிள்ளைகளைப் பெற்ற சாதாரண ஜனங்கள். அவர்கள் கண்ணுக்கு அந்தக் காரில் வந்தவர்கள்தான் பேய். படத்தில் செல்போன் செத்ததும் ஆபத்து தொடங்கும். அங்கே செல்போன் நன்றாக வேலை செய்ததால் ஆபத்து வந்தது.

பேய்ப் படம் பார்த்துத்தான் அவர்கள் கெட்டார்கள் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அப்படிச் சொல்வது தவறு. கொட்டகையில் பயந்தவன் வெளியே வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். வாட்ஸ்அப் செய்திக்கு அப்படி "முற்றும்" போடுவார் இல்லை. அது சினிமா என்றும் யாரும் சொல்வதில்லை.

அந்த வருஷம் ஜூலை 1-ம் தேதி மகாராஷ்டிரத்தில் துளே மாவட்டத்தில் இதே வதந்தியால் 5 பேர் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் 17-ம் தேதி சுப்ரீம் கோர்ட் கடுமையான உத்தரவு போட்டது. கும்பல் வன்முறையைத் தடுக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் போலீஸ் சூப்பிரண்டு பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரியைப் பொறுப்பாக வைக்க வேண்டும் என்றது. ஒரே செய்தியை ஒரு தடவைக்கு 5 பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கம்பெனியும் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக 5 பேரோ அதற்கு மேலோ கூடிக் கொலை செய்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை உண்டு. இருந்தும் 2024 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிள்ளை பிடிக்கும் வதந்தி மறுபடி கிளம்பியது. போலீசார் மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

சினிமாவுக்குச் சென்சார் இருக்கிறது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர் பார்த்து முடிவு செய்யும் படங்களை 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். படம் போடுமுன் அந்தச் சீட்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளைக்கு ஆகுமா, ஆகாதா என்று தெரியும். பிள்ளை இரவில் அலறி எழுந்தால், "அது வேஷம், சாயம்" என்று தாய் சொல்லிப் படுக்கவைக்கலாம். செல்போனில் வரும் செய்திக்கு எந்தச் சீட்டும் இல்லை. அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் பிள்ளைகள் அல்ல, பெரியவர்கள்.

சிறுவாச்சூர் அம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்கள் தூரதேசமெல்லாம் இருக்கின்றன. திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவர்களுடைய கார்கள் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, டீக்கடை ஓரம் நின்று, "கோயிலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்கின்றன. கடைக்காரர் கையை நீட்டிக் காட்டுகிறார். பின் சீட்டில் இருக்கும் பாட்டி, வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சிரிக்கிறாள்.